குடல் தானே உணவை அறிகிறது: அதற்கு உதவும் ஏற்பிகளிலிருந்து செரிமான நோய்களுக்கு மருந்து வருமா?

செங்கதிர் (இழையைத் தொடங்கியவர்)

உடல் எடையைக் குறைக்கும் ஊசிகளைப் பற்றித்தான் இப்போது எங்கு பார்த்தாலும் பேச்சு. அந்த ஊசி நகலெடுக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன் நம் குடலிலேயே சுரக்கிறது என்பதும் பலருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், குடல் அழற்சி, நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு கனத்துப்போவது என்று வருடக்கணக்கில் அவதிப்படுகிறவர்களுக்கு இந்த அறிவால் என்ன கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. அதனால்தான் இந்த இழை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடலின் உள்சுவர்ச் செல்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று ஹார்மோன் சுரக்கும் செல். குடலின் நீளத்தைக் கணக்கில் எடுத்தால், மொத்தத்தில் உடலின் மிகப் பெரிய ஹார்மோன் உறுப்பு இதுதான். இந்தச் செல்களில் உணவின் வெவ்வேறு கூறுகளுக்கு வெவ்வேறு ஏற்பிகள், அதாவது ஒரு பொருள் வந்து ஒட்டியதும் செல்லுக்குச் செய்தி சொல்லும் புரதங்கள், இருக்கின்றன. நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களுக்கு ஜிபிஆர்40, ஜிபிஆர்120. பெருங்குடல் பாக்டீரியா நார்ச்சத்தை நொதிக்க வைக்கும்போது உண்டாகும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களுக்கு ஜிபிஆர்41, ஜிபிஆர்43. சில அமினோ அமிலங்களுக்குக் கால்சியம் உணர் ஏற்பி. பித்த அமிலங்களுக்கு டிஜிஆர்5.

உணவு வந்ததை அறிந்ததும் மேல் சிறுகுடல் செல்கள் கொலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை விடுகின்றன. பித்தப்பை சுருங்குகிறது, கணையம் நொதிகளை அனுப்புகிறது, இரைப்பை காலியாகும் வேகம் குறைகிறது. கீழே கடைச் சிறுகுடலிலும் பெருங்குடலிலும் அதிகமாக இருக்கும் எல் செல்கள் ஜிஎல்பி-1, ஜிஎல்பி-2, பிஒய்ஒய் என்ற மூன்று ஹார்மோன்களையும் சுரக்கின்றன. 1902-இல் உடலியலாளர்கள் பேலிஸும் ஸ்டார்லிங்கும் செக்ரிடின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்ததே, அமிலம் முன்சிறுகுடலைத் தொட்டதும் கணையம் ஏன் சுரக்கிறது என்று கேட்டுத்தான். ஹார்மோன் என்ற கருத்தே குடலில்தான் பிறந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். இந்த ஏற்பிகளில் பலவற்றை முதலில் சர்க்கரை நோய்க்கும் எடைக்கும்தான் கையில் எடுத்தார்கள். அங்கே பலன் போதவில்லை என்றதும் கோப்பை மூடிவிட்டார்கள். குடல் நோயாளிகளிடம் முறையாகச் சோதித்துப் பார்த்தது மிகக் குறைவு. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

மருத்துவர் நிலா

நல்ல இழை, செங்கதிர். குடல்நோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன்.

என்னிடம் வருகிறவர்களில் பெரும் பங்கு 'எண்டோஸ்கோப்பியில் எல்லாம் நார்மல்' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள். கொஞ்சம் கொழுப்பு சேர்ந்த உணவு சாப்பிட்டாலும் மேல்வயிற்றில் கனம், குமட்டல். இது கற்பனை இல்லை. செயல்சார் செரிமானக் கோளாறு உள்ளவர்களின் முன்சிறுகுடலுக்குள் கொழுப்பை நேரடியாகச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தொந்தரவுகள் அப்படியே வந்தன. கொலிசிஸ்டோகைனின் ஏற்பியை அடைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுச் செலுத்தியபோது பெருமளவு குறைந்தன. அதாவது அவர்கள் குடல் கொழுப்பை அறிகிறது, ஆனால் தேவைக்கு மேல் உரக்க அறிகிறது.

எடை குறைக்கும் மாத்திரையான ஆர்லிஸ்டாட்டையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். கொழுப்பை உடைக்கும் நொதியை அது தடுக்கிறது. உடையாத கொழுப்பை ஏற்பிகளால் அறிய முடியாது. அதனால் கொலிசிஸ்டோகைனின் குறைவாகச் சுரக்கிறது, இரைப்பையும் வேகமாகக் காலியாகிறது. கொழுப்பு அமிலத்தின் சங்கிலி நீளமும் முக்கியம். கார்பன் எண்ணிக்கை 12 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் இந்த ஹார்மோன் நன்றாகச் சுரக்கிறது. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பைச் சிலர் எளிதாகத் தாங்கிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

---

வானம்பாடி

எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மருந்து நிறுவனங்கள் முயற்சிக்கவில்லை என்பது சரியல்ல. ஃபசிக்லிஃபாம் நினைவிருக்கிறதா? ஜிபிஆர்40-ஐத் தூண்டும் மாத்திரை. சர்க்கரை நன்றாகவே குறைந்தது. மூன்றாம் கட்டச் சோதனை வரை போய், கல்லீரலைப் பாதித்ததால் 2013 டிசம்பரில் டகேடா நிறுவனம் நிறுத்தியது. கொழுப்பை அறியும் இன்னொரு ஏற்பியான ஜிபிஆர்119-க்கும் பல நிறுவனங்கள் மூலக்கூறு செய்தன. எலியில் பிரமாதம், மனிதரில் ஒன்றும் பெரிதாக இல்லை.

அப்புறம் குடல் அழற்சி. ஜிபிஆர்43-ஐ அடைக்கும் ஜிஎல்பிஜி0974 என்ற மூலக்கூறைப் பெருங்குடல் புண் அழற்சி உள்ளவர்களுக்கு நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். அழற்சியில் திரளும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்கள் சார்ந்த அளவீடுகள் குறைந்தன. நோயாளிக்கு நோய் குறைந்ததா? இல்லை. இதற்கு மேல் என்ன சோதிக்கச் சொல்கிறீர்கள்?

---

செங்கதிர்

வானம்பாடி அண்ணா, நீங்கள் சொன்ன தோல்விகள் எல்லாம் உண்மை. ஆனால் ஒவ்வொன்றும் எதனால் தோற்றது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஃபசிக்லிஃபாம் இரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் போகும் மருந்து. அதன் குறி முக்கியமாகக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள். கல்லீரலில் பித்த அமிலப் போக்குவரத்தை அது கெடுத்தது என்பதுதான் பரவலான விளக்கம். அது அந்த மூலக்கூறின் சிக்கல். குடலில் உள்ள ஜிபிஆர்40-இன் மேல் தீர்ப்பு எழுத அது போதாது.

'அப்படியானால் இரத்தத்தில் கலக்காமல் குடலுக்குள்ளேயே நிற்கும் மருந்தாகச் செய்துவிடலாமே' என்று தோன்றும். இங்கேதான் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ஏற்பி செல்லின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? உணவு ஓடும் பக்கமா, இரத்தம் ஓடும் பக்கமா? எல் செல்களின் ஜிபிஆர்40 பெரும்பாலும் இரத்தப் பக்கத்திலிருந்துதான் வேலை செய்கிறது என்று எலிக் குடல் ஆய்வுகள் 2015 வாக்கில் காட்டின. கொழுப்பு அமிலம் முதலில் உறிஞ்சப்பட்டு, செல்லைத் தாண்டி அந்தப் பக்கம் போன பிறகுதான் ஏற்பியைத் தொடுகிறது. டிஜிஆர்5-க்கும் அப்படியே. ஆக, உறிஞ்சப்படாத மருந்தை எத்தனை கிராம் விழுங்கினாலும் அது கதவின் தவறான பக்கத்தில் நின்று தட்டிக்கொண்டிருக்கும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் செய்த சோதனைகளை வைத்து 'இந்த ஏற்பியால் பயனில்லை' என்று முடிவுகட்டுவதைத்தான் நான் ஏற்கவில்லை.

ஜிபிஆர்43 வேறு கதை. 2009-இலேயே அந்த ஏற்பி இல்லாத எலிகளில் முரணான முடிவுகள் வந்தன. ஒரு குழு, ஏற்பி இல்லாவிட்டால் அழற்சி மோசமாகிறது என்றது. இன்னொரு குழு, நாட்பட்ட அழற்சியில் திசுச் சேதம் குறைகிறது என்றது. நியூட்ரோஃபில்களை வரவழைப்பதும் அதே ஏற்பி, அழற்சியை அடக்க உதவுவதும் அதே ஏற்பி. நோயின் எந்தக் கட்டத்தில், எந்தச் செல்லில் அடைக்கிறோம் என்று தெரியாமல் முழுவதுமாக அடைத்தால் குழப்பமான விடைதான் வரும்.

---

வானம்பாடி

சரி, பக்கம் பற்றிய வாதம் வலுவானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது என் சந்தேகத்தைக் கூட்டுகிறது, குறைக்கவில்லை. இரத்தப் பக்கம் போக வேண்டுமென்றால் மருந்து உறிஞ்சப்பட்டே ஆக வேண்டும். உறிஞ்சப்பட்டால் உடல் முழுக்கப் பக்கவிளைவு. டிஜிஆர்5 பித்தப்பையிலும் இருக்கிறது. அதைத் தூண்டினால் பித்தப்பை தளர்ந்து நிரம்பிக்கொண்டே போகிறது என்று எலிகளில் பார்த்தாகிவிட்டது. வழி எங்கே?

---

முத்துவேல்

மருந்தியல் துறைக்காரன் என்பதால் குறுக்கிடுகிறேன். எல்லா ஏற்பியும் இரத்தப் பக்கம் இல்லை. கால்சியம் உணர் ஏற்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல், இரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியில் அடையாளம் கண்டது. குடலில் இது இரண்டு பக்கமும் இருக்கிறது. 2006-இல் வந்த ஓர் ஆய்வில், எலியின் பெருங்குடலில் காலரா நச்சு தூண்டிய நீர்ச்சுரப்பை இந்த ஏற்பியைத் தூண்டியே நிறுத்திக் காட்டினார்கள். காலரா நச்சு செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறை ஏற்றிவிடுகிறது. அதனால்தான் நீர் கொட்டுகிறது. கால்சியம் உணர் ஏற்பி அந்த மூலக்கூறை உடைக்கும் நொதியை முடுக்கிவிடுகிறது. நச்சு எதுவாக இருந்தாலும் இந்த வழி பொது என்பதுதான் இதன் அழகு.

இதே ஏற்பியைத் தூண்டும் சினகால்செட் 2004 முதல் சிறுநீரக நோயாளிகளின் பாராதைராய்டு கோளாறுக்குப் பயன்பாட்டில் இருக்கிறது. அது இரத்தக் கால்சியத்தைக் குறைத்துவிடும், குமட்டலும் அதிகம், அதனால் வயிற்றுப்போக்குக்கு அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது. ஆனால் குடலை விட்டு வெளியேறாத ஒரு தூண்டியை இந்த ஏற்பிக்குச் செய்வது நியாயமான இலக்கு. வானம்பாடி கேட்ட வழிகளில் இது ஒன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உணவுக் கூறைக் கையாளும் குடலின் திறமையை வைத்து வந்த மிகப் பெரிய சிகிச்சை ஏற்கனவே நம் கையில் இருக்கிறது. உப்பு-சர்க்கரைக் கரைசல்! அது நம்பியிருப்பது குடல் செல்லில் உள்ள எஸ்ஜிஎல்டி1 என்ற புரதத்தை. கண்டிப்பான அர்த்தத்தில் இது ஏற்பி இல்லை, கடத்தி. ஒரு குளுக்கோஸை உள்ளே எடுக்கும்போது இரண்டு சோடியத்தையும் எடுத்துக்கொள்கிறது, நீர் பின்னாலேயே வருகிறது. உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் இந்த இணைக் கடத்தல் கருத்தை முன்வைத்தது 1960-இல். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய கரைசலில் லிட்டருக்குச் சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல், மொத்தச் சவ்வூடு அடர்த்தி 245 மில்லிஆஸ்மோல். காலரா நச்சு தாக்கிய குடலிலும் இந்தக் கடத்தி வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதால்தான் இத்தனை உயிர்கள் பிழைத்தன. அடிப்படை அறிவியலிலிருந்து நேராக நோயாளிக்கு வந்த பலன் இது. எல் செல்லில் ஜிஎல்பி-1 சுரக்க வைக்கும் முக்கியமான குளுக்கோஸ் உணர்வியும் இதே எஸ்ஜிஎல்டி1தான்.

---

யாழினி

முத்துவேல் சார், அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். நாக்கில் இருக்கும் இனிப்பு ஏற்பி குடலிலும் இருக்கிறது என்று 2007-இல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு, செயற்கை இனிப்பு கூட ஜிஎல்பி-1-ஐச் சுரக்க வைக்கும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. உணவியல் நிபுணராக இந்தக் கேள்வியை இன்றும் சந்திக்கிறேன். மனிதர்களின் இரைப்பைக்குள் சுக்ரலோஸைச் செலுத்திப் பார்த்தபோது ஜிஎல்பி-1 உயரவில்லை. கடத்தி வழியாக உள்ளே போகும் குளுக்கோஸ்தான் கணக்கு.

---

தாமரை

நான் மருத்துவத் துறை இல்லை. என் தங்கைக்குக் குடலில் இரத்த ஓட்டம் அடைபட்டு, சிறுகுடலின் பெரும்பகுதியை அகற்றிவிட்டார்கள். வாரத்தில் பல இரவுகள் இரத்தக்குழாய் வழியாகத்தான் ஊட்டம் ஏறுகிறது. டெடுக்ளூடைடு என்ற ஊசி பற்றி மருத்துவர் சொல்லியிருக்கிறார். நீங்கள் பேசும் விஷயத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? அதே நோய் உள்ள இன்னொருவர் இந்த இரவு ஊட்டமே இல்லாமல் சமாளிக்கிறார், இவளால் முடியவில்லை. ஏன் இந்த வேறுபாடு என்று யாரும் எங்களுக்கு விளக்கவில்லை.

---

மருத்துவர் நிலா

தாமரை, நேரடித் தொடர்பு உண்டு. உங்கள் கேள்வி இந்த இழையின் மையத்தைத் தொடுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எல் செல்கள் ஜிஎல்பி-1 சுரக்கும்போதே ஜிஎல்பி-2-ஐயும் சுரக்கின்றன. அது குடலின் உள்சுவரை வளரவைக்கும் ஹார்மோன். உறிஞ்சும் விரல்முளைகள் நீளும், குடலுக்கு இரத்த ஓட்டம் கூடும், இரைப்பைச் சுரப்பு குறையும். இந்த வளர்ச்சிப் பண்பு 1996-இல் வெளியானது. இயற்கை ஜிஎல்பி-2-ஐ டிபிபி-4 என்ற நொதி சில நிமிடங்களில் வெட்டிவிடுகிறது. அந்த வெட்டு விழாதபடி ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றியதுதான் டெடுக்ளூடைடு. 2012-இல் அங்கீகாரம் பெற்றது.

இப்போது வேறுபாடு. எல் செல்கள் எங்கே அதிகம்? கடைச் சிறுகுடலிலும் பெருங்குடலிலும். ஒருவருக்குச் சிறுகுடல் போனாலும் பெருங்குடல் இணைப்பில் இருந்தால், உணவு அங்கே போய்ச் சேரும், அந்தச் செல்கள் அதை அறியும், ஜிஎல்பி-2 ஏறும், மீதிக் குடல் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும். கடைச் சிறுகுடலும் பெருங்குடலும் இல்லாமல் மேல் சிறுகுடலின் முனை வயிற்றுச் சுவரில் திறப்பாக இருக்கிறவர்களுக்கு உணவை அறியும் செல்களே கூட்டமாக அகன்றுவிட்டன. சாப்பிட்டாலும் ஹார்மோன் ஏறாது. மீதமுள்ள குடலின் நீளம் மட்டும் முழுக் கதை இல்லை. எந்தப் பகுதி மீந்திருக்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

மருந்தின் பலன் பற்றி நேர்மையாக: மூன்றாம் கட்டச் சோதனையில் இரத்தக்குழாய்வழி ஊட்டத்தின் அளவை 20 சதவீதமாவது குறைக்க முடிந்தவர்கள் மருந்துக் குழுவில் 63 சதவீதம், வெற்று ஊசிக் குழுவில் 30 சதவீதம். தினமும் தோலடி ஊசி. வளரவைக்கும் மருந்து என்பதால் தொடங்கும் முன் பெருங்குடல் இருந்தால் கொலோனோஸ்கோப்பி செய்து பாலிப் (உள்சுவரில் முளைக்கும் சதை) இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். செரிமானப் பாதையில் புற்றுநோய் இருக்கிறவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. பித்தப்பையையும் கண்காணிக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எவ்வளவு சிறுகுடல் மீதி, பெருங்குடல் எவ்வளவு, இணைப்பில் இருக்கிறதா என்று மூன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

---

தாமரை

நன்றி டாக்டர். அவளுக்குப் பெருங்குடலில் பாதி இருக்கிறது, ஆனால் இன்னும் இணைக்கவில்லை. இணைப்பது பற்றிப் பேச்சு வந்தபோது 'அவசரமில்லை' என்று நாங்களே தள்ளிப்போட்டோம். இப்போது அதை மறுபடி கேட்கிறோம்.

---

கார்முகில்

எனக்கு வயிற்றுப்போக்கு வகை ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்) என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த ஏற்பிகளை உணவாலேயே தூண்டிவிட முடியாதா? நார்ச்சத்தை அதிகம் எடுத்தால் ஜிபிஆர்43 வேலை செய்யும் என்றால், இன்யூலின் பொடி வாங்கிச் சாப்பிடலாமா?

---

யாழினி

கார்முகில் தம்பி, தயவுசெய்து இன்யூலினை அப்படி ஆரம்பிக்காதீர்கள். அது வேகமாக நொதிக்கும் நார். ஐபிஎஸ் உள்ளவர்களுக்கு வாயு, வலி, உப்புசம் மூன்றையும் கூட்டும். ஃபாட்மேப், அதாவது குடலில் எளிதில் நொதிக்கும் மாவுச்சத்துகள், குறைத்த உணவுமுறையில் விலக்கச் சொல்லும் பொருள்களில் அதுவும் ஒன்று.

நீங்கள் கேட்ட யோசனை தவறில்லை, இடம்தான் விஷயம். சாதாரணமாக விழுங்கிய புரோப்பியோனேட் பெருங்குடலை எட்டும் முன்பே மேலே உறிஞ்சப்பட்டுவிடும். அதனால் லண்டன் ஆய்வாளர்கள் புரோப்பியோனேட்டை இன்யூலினோடு வேதிப்பிணைப்பில் கட்டினார்கள். பெருங்குடல் பாக்டீரியா அந்தப் பிணைப்பை அறுத்தால்தான் அது வெளிவரும். 2015-இல் வெளியான அந்த ஆய்வில் பிஒய்ஒய்யும் ஜிஎல்பி-1-உம் உயர்ந்தன. தினம் 10 கிராம் என்று 24 வாரம் எடுத்தவர்களிடம் எடை கூடுவது குறைந்தது. இதுவும் எடைக்காகச் செய்த ஆய்வு என்பதைப் பாருங்கள், செங்கதிர் சொன்ன குறை இங்கேயும்தான். ஆனால் வழி காட்டியது: உணவுக் கூறையே சரியான இடத்தில் இறக்கிவிடு. அது உறிஞ்சப்பட்டு இரத்தப் பக்கம் போனாலும் பரவாயில்லை, ஏனென்றால் உடலுக்குப் பழகிய பொருள்.

வானம்பாடி அண்ணா 'வழி எங்கே' என்று கேட்டதற்கு என் பதிலும் இதுதான்.

---

வானம்பாடி

யாழினி, இதை மறுக்க முடியவில்லை. ஆனால் அழற்சியுள்ள குடலில் பாக்டீரியாக் கூட்டமே மாறியிருக்கும், அறிகிற செல்களும் சேதமாகியிருக்கும். சிகிச்சை எடுக்காத சீலியாக் நோயில் (கோதுமையில் உள்ள குளூட்டனால் வருவது) முன்சிறுகுடல் உள்சுவர் தேய்ந்து கொலிசிஸ்டோகைனின் சுரப்பே குறைந்துவிடுகிறது, பித்தப்பை மந்தமாகிறது. ஏற்பியைத் தூண்ட மருந்து கொடுக்கும்போது ஏற்பியைத் தாங்கும் செல் அங்கே இருக்க வேண்டுமே. ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் பார்த்த முடிவை நோயாளிக்கு அப்படியே எடுத்துப்போக வேண்டாம் என்பது என் கோரிக்கை.

---

செங்கதிர்

அதில் முழு உடன்பாடு அண்ணா. நோயாளிகளிடமே சோதிக்க வேண்டும் என்றுதான் நானும் கேட்கிறேன். அப்படிச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: பெருங்குடலுக்குப் பித்த அமிலம் அதிகமாகப் போவதால் வரும் பித்த அமில வயிற்றுப்போக்குக்கு, ஜிஎல்பி-1-ஐ நகலெடுக்கும் லிராகுளூடைடையும் பித்த அமிலத்தைப் பிடித்துவைக்கும் கொலெசெவெலத்தையும் ஒப்பிட்டு டென்மார்க்கில் 52 பேரிடம் ஆறு வாரம் நடத்திய சோதனை, 2022-இல் வெளியானது. மலம் கழிக்கும் எண்ணிக்கை கால்பங்காவது குறைந்தவர்கள் லிராகுளூடைடில் 77 சதவீதம், கொலெசெவெலத்தில் 50 சதவீதம். சிறிய சோதனைதான். ஆனால் எடை, சர்க்கரை என்று மட்டும் பார்த்துவந்த ஒரு மருந்தைக் குடல் நோயாளியிடம் கொண்டுவந்ததும் விடை கிடைத்ததா இல்லையா?

இதே பித்த அமிலத்தை எதிர்த்திசையிலும் பயன்படுத்துகிறார்கள். கடைச் சிறுகுடலில் பித்த அமிலம் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எலோபிக்சிபாட், நாட்பட்ட மலச்சிக்கலுக்கு 2018-இல் ஜப்பானில் அங்கீகாரம் பெற்றது. கூடுதல் பித்த அமிலம் பெருங்குடலுக்குப் போகிறது, அங்கே நீர்ச்சுரப்பும் அசைவும் கூடுகின்றன. மருந்து குடலுக்குள்ளேயே நிற்கிறது, ஏற்பியைத் தொடுவது உடலின் சொந்தப் பித்த அமிலம். பக்கம் பற்றிய சிக்கலே எழவில்லை.

---

கார்முகில்

அப்படியானால் எனக்கும் பித்த அமிலம்தான் காரணமாக இருக்கலாமா? என்னிடம் யாரும் அதைப் பரிசோதிக்கவில்லை.

---

மருத்துவர் நிலா

இருக்கலாம். வயிற்றுப்போக்கு வகை ஐபிஎஸ் என்று பெயர் வாங்கியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பித்த அமிலப் பிரச்சினை இருக்கிறது. கடைச் சிறுகுடல் செல்கள் பித்த அமிலத்தை அறிந்து எஃப்ஜிஎஃப்19 என்ற ஹார்மோனை அனுப்பி, 'போதும், உற்பத்தியைக் குறை' என்று கல்லீரலுக்குச் சொல்ல வேண்டும். பலருக்கு இந்தச் செய்தி பலவீனமாக இருப்பதால் கல்லீரல் தயாரித்துக்கொண்டே போகிறது. பித்தப்பையை எடுத்தவரா, கடைச் சிறுகுடலில் கிரோன் என்ற அழற்சி நோயோ அறுவையோ உண்டா, இரவில் எழுந்து போக வேண்டியிருக்கிறதா என்பதையெல்லாம் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பரிசோதனைக்கு, பித்த அமிலம் உடலில் எவ்வளவு தங்குகிறது என்று பார்க்கும் செகாட் ஸ்கேன் உண்டு, அது எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. இல்லாத இடத்தில், கல்லீரல் எவ்வளவு பித்த அமிலம் தயாரிக்கிறது என்று காட்டும் சி4 அளவை இரத்தத்தில், அல்லது மலத்தில் பித்த அமில அளவு பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் பித்த அமிலத்தைப் பிடித்துவைக்கும் மருந்தைச் சில வாரம் கொடுத்துப் பார்ப்பதும் ஏற்கப்பட்ட வழிதான். ஒரு எச்சரிக்கை: அப்படிப் பிடித்துவைக்கும் மருந்தான கொலெஸ்டிரமின் தந்தால், வேறு மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ எடுங்கள். சேர்த்து எடுத்தால் அந்த மாத்திரைகளையும் பிடித்து வெளியே அனுப்பிவிடும். தைராய்டு மாத்திரை எடுப்பவர் என்றால் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.